மூன்று பக்கமும் கட்டியவன்

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கல்ஃபில், புஜைரா லேபர் கேம்ப் ரூமில் இருந்தவர்கள் நான்கு பேர்: எங்கள் கம்பெனியின் கும்பகோணத்து அக்கவுண்டன்ட், நாகர்கோவில்காரரான கிரேன் டிரைவர், அரிசி மூட்டையோடு வந்திருந்த கீழக்கரைக் கடைக்காரர், ஸ்டோரில் ஹெல்பராக இருந்த நான். வருஷம் எழுபத்தெட்டு. அன்று ராத்திரி உலகக் கோப்பையில் மெக்சிகோவும் துனீசியாவும் மோதின.

அக்கவுண்டன்ட் ஒரு பழைய லண்டன் பேப்பரைப் பார்த்துப் பந்தய விகிதம் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். மெக்சிகோ ஜெயித்தால் ஒன்றுக்கு ஒன்று, டிராவானால் ஒன்றுக்கு மூன்று, துனீசியா ஜெயித்தால் ஒன்றுக்கு ஐந்து. கட்டிய காசும் கூடவே திரும்பி வரும்.

“பேப்பர்ல டிராவுக்கு ரெண்டு, துனீசியாவுக்கு நாலுதான். நம்ம ஆளுங்களாச்சேன்னு ஒவ்வொண்ணு ஏத்திப் போட்டிருக்கேன்” என்றார்.

கிரேன் டிரைவர் ஐம்பது திர்ஹத்தை மெக்சிகோ மேல் வைத்தார்.

“நமக்கு இது ஹராம் தம்பி. துனீசியாவுக்கு துஆ செய்யிறேன், அதுக்குக் காசு கேக்காதிய” என்றார் கடைக்காரர்.

“லேய் மக்கா, நீ கட்டலியா?” என்று என்னைக் கேட்ட டிரைவர் தானே பதிலும் சொன்னார். “இவனா? லைட்ட அணைச்சோமான்னு மூணு வாட்டி எந்திச்சுப் பாக்கவன்லா.”

“எட்டாவதோட நின்னவனுக்கு இதெல்லாம் விளங்காதுய்யா” என்று சிரித்தார் அக்கவுண்டன்ட்.

என்னிடம் இருந்தது நூற்றுப்பத்து திர்ஹம். டிரைவிங் கிளாஸுக்கு மறுநாள் கட்ட வேண்டிய பணம். அது போனால் லைசென்ஸ் போச்சு, மூட்டை தூக்கியே காலம் தள்ள வேண்டும். ஆனால் அந்தச் சிரிப்பு உறுத்தியது. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெக்சிகோ மேல் கட்டி, துனீசியா ஜெயித்துவிட்டால்? துனீசியா மேல் கட்டி, டிராவாகிவிட்டால்? எது நடந்தாலும் நூற்றிருபது கைக்கு வர எங்கே எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டேன். மெக்சிகோவுக்கு அறுபது, டிராவுக்கு முப்பது, துனீசியாவுக்கு இருபது. கூட்டினால் நூற்றுப்பத்து! நம்பிக்கை வராமல் அரிசிச் சாக்கின் மேல் பென்சிலால் நாலு தடவை கூட்டிப் பார்த்தேன். பேப்பரில் இருந்த விகிதத்துக்கும் போட்டுப் பார்த்தேன். அதற்கு நூற்றிருபத்துநாலு கட்ட வேண்டியிருந்தது. பேப்பர்காரன் தனக்கு லாபம் வைத்துத்தான் எழுதியிருக்கிறான். இவர் ஏற்றிய ஏற்றில் அது கரைந்துபோய்விட்டது.

“சார், மூணு பக்கமும் கட்டுறேன்.”

“மூணு பக்கமுமா! பயந்தாங்கொள்ளி, ரெண்டு பக்கம் போறது உறுதிய்யா” என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன். கல்ஃப் வந்த பிறகு அப்படித் தூங்கியது அதுதான் முதல் தடவை.

காலையில் ரேடியோ சொன்னது: முதல் பாதியில் மெக்சிகோ முன்னால், முடிவில் துனீசியா மூன்றுக்கு ஒன்று.

“எது வந்தாலும் நீங்க எனக்குத் தர வேண்டியது நூத்தி இருபதுதான் சார்” என்று சாக்கைக் காட்டினேன். அவர் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டினார். முகம் சிவந்தது.

“காசுல தோத்தது நானு. கணக்குல தோத்தது சாருல்லா!” என்று டிரைவர் என் முதுகில் அறைந்தார்.

அக்கவுண்டன்ட் நூற்றுப்பத்தை எண்ணி வைத்தார். “மிச்சம் அப்புறம் தரேன், சில்லறை இல்ல” என்றார். சில்லறை இல்லாமல் இல்லை, கொடுத்தால் தோற்றதை ஒப்புக்கொண்டதாகிவிடும். நான் நேரே போய் டிரைவிங் கிளாஸில் பணம் கட்டினேன். இத்தனை வருஷத்தில் கேட்கவும் இல்லை, விடவும் இல்லை. அவர் எனக்குத் தர வேண்டியது இன்றுவரை பத்து திர்ஹம்.