ஏழு அக்குவாமரின் உள்ளே, இரண்டு வெளியே

ஊத்துக்கோட்டையிலிருந்து திருவள்ளூர் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். செங்கல் சூளையை விட்டுக் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். சூடு ஆறாத சூளையைப் பிரிக்கச் சொன்னார் மேஸ்திரி. உள்ளங்கால் கொப்பளித்தது. மறுநாளும் அதையே சொன்னார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், சண்டையெல்லாம் போடவில்லை. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் நிறுத்திய பிறகு நான் விட்டுவந்த வேலைகளில் அது ஏழாவது. அதற்கு முன்னால் கும்மிடிப்பூண்டியில் ரோலிங் மில், எளாவூரில் லாரி பஞ்சர் கடை. மற்ற நாலும் இதே மாதிரி சூளைகள்தான்.

பாதி வழியில் ஒரு ஷேர் ஆட்டோ கிடைத்தது. காக்களூர் எஸ்டேட்டில் எப்போதும் ஏதாவது ஒரு கேட்டில் ஆள் கேட்பார்கள் என்று அங்கே இறங்கி, டீக்கடையில் நின்றேன். பக்கத்தில் வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் டீ மாஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கும் பேஜாருதான் மாஸ்டர். பச்சக்கல்லு மூணு வெடிச்சிப் போச்சு."

சூளையில் வேகாத செங்கலுக்குப் பச்சைக்கல் என்று பெயர். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஈரக் கல்ல வெச்சிருப்பீங்க பாய். இல்லன்னா எடுத்த எடுப்புல தீய ஏத்தியிருப்பீங்க."

அவர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "நீ எந்த ஃபர்னஸ்ல இருந்த?"

"அஞ்சு சூளையில இருந்திருக்கேன்."

"அப்ப டீயக் குடிச்சிட்டு என்கூட வா."

அவர் பெயர் பாஷா. கல் வெட்டுபவர். அவர் கூட்டிப்போன ஷெட்டுக்குள் நான் செங்கல் அடுக்கைத் தேடினேன். ஒரு செங்கல்கூட இல்லை. மூன்று பாலிஷ் மிஷின், ஒரு மேசை, சோற்றுப்பானை கொள்ளுமளவுக்கு ஒரு மின்சார அடுப்பு. மேசை மேல் வெள்ளைத் துணியில் விரல் நீளக் கற்கள் ஒன்பது. ஒவ்வொன்றும் சீவாத பென்சில் போல ஆறு பட்டை. நிறம் கடல் தண்ணீரில் பச்சை கலந்தது போல. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் உடைந்த சில்லுகள்.

"சூள எங்க பாய்?" என்றேன்.

ஷெட்டின் முதலாளி லலிதா அக்கா அங்கே நின்றிருந்தார். நான் எதை நினைத்து வந்தேன் என்று புரிந்ததும் பாஷா பாய் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஷெட் ஆள் எட்டிப் பார்த்தார். "யக்கா, நீ ஊடு கட்றியா? செங்கல் சுட ஆள் இட்டாந்துட்டேன்."

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் விஷயத்தைச் சொன்னார். அந்தக் கல்லின் பெயர் அக்குவாமரின், மோதிரத்தில் பதிக்கும் கல். காங்கேயம் பக்கம் கிணறு வெட்டும்போதுகூட கிடைக்குமாம். பச்சை கலந்த கல்லைப் பக்குவமாகச் சுட்டால் பச்சை போய்ச் சுத்த நீலம் நிற்கும். சுடாத கல்லை அவர்கள் பச்சைக்கல் என்பார்கள். ஜெய்ப்பூர் வியாபாரி ஒருவர் பன்னிரண்டு கல் கொடுத்திருந்தார், இவர்கள் எப்படிச் சுடுகிறார்கள் என்று பார்க்க. மூன்று வெடித்துவிட்டது. மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவர் வருகிறார். மீதி ஒன்பதும் தேறினால் அவருடைய கல்லெல்லாம் இந்த ஷெட்டுக்கு வரும். தேறாவிட்டால் வேறு வேலை கையில் இல்லை, ஷெட்டை மூட வேண்டியதுதான்.

"எப்டிக்கா சுட்டீங்க?"

"நானூத்தி இருவதுல செட் பண்ணி உள்ள வெச்சோம். கலர் வந்துச்சான்னு நடுவுல தொறந்து பாத்தோம்."

"தொறந்தீங்களா?"

"பாக்காம எப்டி தெரியும்?"

சூளையில் நடுவில் வாயைத் திறந்தவனை அடிப்பார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை. முதலில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும், முடிந்ததும் தானாக ஆறவிட வேண்டும், கை பொறுக்கும் வரை கதவைத் தொடக்கூடாது என்றேன். அடுப்பில் அதற்கு டைமர் இருந்தது. யாரும் பயன்படுத்தியதில்லை.

பக்கத்தில் கட்டட வேலை நடந்த இடத்தில் ஆற்று மணல் வாங்கிவந்து, சலித்து, கழுவி, வெயிலில் காயப்போட்டேன். கல்லை மணலில் புதைத்து வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சூடேறாது. மணல் காய்வதற்குள் ஒவ்வொரு கல்லாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஏழு கல் தெளிவு. இரண்டில் மட்டும் நெடுகிலும் மெல்லிய கோடுகள், மழை பெய்வது போல. சாய்த்தபோது ஒரு கோட்டுக்குள் சின்னக் குமிழி நகர்ந்தது.

"பாய், இதுக்குள்ள தண்ணி இருக்கு."

பாய் கல்லை வாங்கித் தன் லென்ஸில் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. உடைந்த சில்லுகளையும் எடுத்துப் பார்த்தார். அவற்றிலும் அதே கோடுகள்.

"அந்த ரெண்டையும் வைக்காதீங்க" என்றேன்.

"ஜெய்ப்பூர் சேட்டு ஒம்போதும் கேப்பாரு" என்றார் லலிதா அக்கா. "இன்னா சொல்றது அவர்கிட்ட?"

"உள்ள ஈரம் இருக்குன்னு சொல்லுங்க. வெச்சா இதையும் சில்லாத்தான் காட்டணும்."

அவர் இரண்டு கல்லையும் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். எனக்கும் அந்தக் கல்லுக்கும் ஒரு மணி நேரப் பழக்கம்தான். கடைசியில் அந்த இரண்டையும் தன் கையாலேயே எடுத்துத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தார். ஏழும் மணலுக்குள் போனது. மணிக்கு ஐம்பது டிகிரி ஏறும்படி டைமரை வைத்தோம். நான் அடுப்பின் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்தேன், யாரும் கதவைத் திறந்துவிடக் கூடாது என்று.

காலை எட்டு மணிக்கு நாஷ்டா வாங்கிக்கொண்டு இருவரும் வந்தார்கள். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. கதவில் கை வைத்தேன், வெதுவெதுப்பு. மணலை விரலால் விலக்கினேன். முதல் கல் வந்தது. பாய் அதைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டுக்கே ஓடினார், வெயிலில் பார்க்க. எண்ணூர்க் கடலைக் காலை பதினோரு மணிக்குப் பார்த்தால் ஒரு நீலம் தெரியுமே, அந்த நீலம். ஒரு கீறல் இல்லை. ஏழும் அப்படியே.

"நைனா" என்றார் பாய். என் தோளை இரண்டு முறை தட்டினார், வலித்தது.

வியாபாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். லலிதா அக்கா எதையும் மறைக்கவில்லை. நீலக் கல் ஏழு, சுடாத கல் இரண்டு, சில்லுகள் என்று மூன்றையும் தட்டில் வைத்தார். "மூணு எங்க தப்புல போச்சு சேட்டு. இந்த ரெண்டுலயும் தண்ணி இருக்கு, வெச்சா வெடிக்கும். அதான் வைக்கல."

அவர் நீலத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு அந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கீழே வைக்கவே இல்லை. "இத சுடாதீங்க, வெட்டாதீங்க. உள்ள தண்ணி ஓட்றது கலெக்டருக்கு ரொம்பப் புடிக்கும்."

"திருவள்ளூர் கலெக்டருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

கல்லை மண்ணில் விளைந்தபடியே வாங்கிச் சேர்த்துவைக்கும் மனிதர்களுக்கும் கலெக்டர் என்றுதான் பெயராம். அதை எனக்கு விளக்க முடியாமல் அவரும் பாயும் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்து முடித்து, காரில் இருந்த பச்சைக்கல் மூட்டையை இறக்கச் சொன்னார் சேட்டு.

மூட்டை நாற்பது கிலோ இருக்கும். லலிதா அக்கா அதை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொல்லி, ஒரு ஸ்டூலையும் பாயின் லென்ஸையும் என்னிடம் கொடுத்தார். "அடுப்பு வேலைய நாங்க பாத்துக்கறோம். நீ இத பாரு."

அடுப்பைப் பற்றி அன்று நான் கற்றது அதுதான்: எதை எப்படிச் சுடுவது என்பது அப்புறம், எதைச் சுடவே கூடாது என்பது முதலில். வேகக்கூடிய கல், வைக்கக்கூடாத கல் என்று பிரிப்பதுதான் அன்று காலை நான் சேர்ந்த வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதினாறு கல்லை ஒதுக்கியிருந்தேன். பாய் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்தார். ஒன்றைக்கூட அவர் திருப்பிச் சுடும் கல் பக்கம் வைக்கவில்லை.