அண்ணை படுக்கும் பக்கம்

எங்கள் அண்ணை பஸ்தியாம்பிள்ளைக்கு அறுபத்துமூன்று வயதில் வந்த பெரிய சிக்கல், ஓர் இரவு எங்கே படுப்பது என்பதுதான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தேன்.

அவருடைய மகன் றெக்சன் இத்தாலியில் குருமடத்தில் படித்து முடித்து, அங்கேயே குருவாக அபிஷேகம் பெற இருந்தான். சனிக்கிழமை காலையில் பூசை. புதுக் குருவானவர் தன் முதல் ஆசீர்வாதத்தைத் தாய் தகப்பனுக்குத்தான் கொடுப்பார். தாய் இல்லை, கத்தரின் மச்சாள் போன வருடம் எங்களை விட்டுப் போய்விட்டார். தகப்பனாவது அங்கே முழங்காலில் இருக்க வேண்டாமா? கொழும்பில் ஏறினால் டோகாவில் இறங்கி, இரவைக் கழித்து, வெள்ளி காலையில் ரோமுக்கு அடுத்த பிளேன். அதை விட்டால் அன்றைக்கு வேறு பிளேனில் இடமில்லை. சனி பின்னேரம்தான் போய்ச் சேரலாம். அதற்குள் பூசை முடிந்து ஆட்கள் கேக்கும் வெட்டியிருப்பார்கள்.

நானும் கூடப் போவதாகத்தான் இருந்தது. விசாக் கந்தோரில் அண்ணைக்குக் கொடுத்தார்கள், எனக்கு மறுத்தார்கள். எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் வீடும் வளவும் கோழியுமாக இருக்கிற ஐம்பத்தெட்டு வயதுப் பொம்பிளை இத்தாலியில் ஒளித்து நின்று என்ன செய்யப் போகிறாள் என்று நினைத்தார்களோ தெரியாது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அண்ணையைத் தனியே அனுப்பப் பயப்படக் காரணம் இருந்தது. அவர் பதினேழு வயதில் சங்கு குளிக்கப் போனவர். சிலாவத்துறை, அரிப்பு, கொண்டச்சி என்று அந்தக் கரைக் கடல் முழுக்க இறங்கியவர். கலியாணம் முடித்த வருடம் ஒரு நாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தார். இடது காதால் இரத்தம் வந்தது. அத்தோடு அந்தக் காது போயிற்று. அவரோடு நடக்கிற ஊர்க்காரர் யாரும் தாமாகவே வலப்பக்கம் வந்துவிடுவார்கள். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம்.

பிறகு மச்சாளுக்குப் பாரிசவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. "இஞ்சாருங்கோ" என்று புருஷனைக் கூப்பிட்டுப் பழகிய வாயில் "இஞ்ச" மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் "இஞ்ச", திருப்பிப் படுக்க வைக்க வேண்டுமென்றாலும் "இஞ்ச". அதுவும் காற்றோடு காற்றாகத்தான் வரும். அண்ணை கடலை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். இரவில் செத்த காதைத் தலையணைக்குக் கொடுத்து, நல்ல காதை மேலே வைத்து, இடப்பக்கமாகவே படுப்பார். ஆறு வருடம் அப்படித்தான் படுத்தார். எங்கள் ஒழுங்கையில் கழுதை காதை உதறினாலும் எழும்பி உட்கார்ந்துவிடுவார். மச்சாள் போன பிறகும் அவர் பக்கம் மாறவில்லை. நித்திரையும் திரும்பி வரவில்லை.

அது அவருடைய பாடு என்று விட்டிருக்கலாம். ஆனால் விசாவுக்குக் கொழும்புக்குப் போனபோது வத்தளையில் ஒரு லொட்ஜில் தங்கினோம். இரவு முழுக்க அவர் கண் மூடவில்லை. மறுநாள் கந்தோர் வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்தார். பிறஷர் ஏறிவிட்டதாம். பயணத்துக்கு முன் பார்த்த டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "ஐயா, பறக்கலாம். ஆனா இடையில ஒரு இரவு ஒழுங்கா நித்திரை கொள்ள வேணும். இல்லாட்டி உங்களைப் பிளேனில ஏத்தமாட்டினம்."

ஆகவே நித்திரை கொள்கிற ஹோட்டல் தேடும் வேலை தொடங்கியது. கனடாவில் இருக்கிற அண்ணையின் மகள் ஜெனிஸ்ரா தேடி அனுப்புவாள். நான் போனில் படம் காட்டுவேன். அண்ணை வேண்டாம் என்பார். முதலாவது எயார்போட்டுக்கு வெளியே இருந்தது. அதை நானே தள்ளினேன். வெளியே போய் உள்ளே வருவதென்றால் இன்னும் இரண்டு வரிசை. இரண்டாவது உள்ளேயே இருந்தது. தடித்த சுவர், கறுப்புத் திரை, வெளிச் சத்தம் ஒரு துளியும் வராது என்று தங்கியவர்கள் எல்லாரும் எழுதியிருந்தார்கள்.

"இதைவிட என்ன வேணும் அண்ணை?" என்றேன்.

"அது சரிவராது."

"ஏன் சரிவராது?"

"சத்தமே இல்லையாம்," என்றார் அண்ணை, ஏதோ தண்ணீரே இல்லையாம் என்பதுபோல.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நித்திரைக்கு ஹோட்டல் தேடினால் சத்தம் இல்லை என்று குறை சொல்கிற மனுஷனை நான் கண்டதில்லை. ஜெனிஸ்ராவும் அழுவாரைப் போல ஆகிவிட்டாள். "மாமி, அப்பாவுக்கு என்ன பிரச்சினை எண்டு கேட்டுச் சொல்லுங்கோ. இனி நாள் இல்லை," என்றாள்.

பயணத்துக்கு முந்திய ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பிறகு, நான் ஒரு திட்டம் போட்டேன். அண்ணை நல்ல காதைக் கீழே கொடுத்து வலப்பக்கமாகப் படுக்க வேண்டும். சத்தம் ஒன்றும் கேட்காது, நித்திரை வரும். எழுப்புவதற்குத் தலையணைக்குக் கீழே போனை வைத்து அதிர விடலாம். அதைப் பழகிப் பார்ப்போம் என்று என் வீட்டு அறையில் கட்டிலைத் தட்டிப் போட்டேன். அண்ணை வந்து, பள்ளிக்கூடப் பிள்ளை ஊசி போட நிற்பதுபோல நின்று, பிறகு வலப்பக்கமாகப் படுத்தார். நான் வாசலில் கதிரையைப் போட்டுக் காவல் இருந்தேன்.

கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. திரும்பிவிட்டார். மறுபடியும் படுக்கச் சொன்னேன். மறுபடியும் திரும்பிவிட்டார். மூன்றாவது முறை எழும்பியே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை.

"என்ன அண்ணை செய்யுது? நெஞ்சு நோகுதே?"

"இல்லை பெற்றி."

"பிறகென்ன?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "அவ கூப்பிடுவா."

எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது கதிரையைக் கட்டிலடிக்கு இழுத்துப் போட்டேன்.

"சத்தம் இல்லாத நேரத்தில கேக்குது. 'இஞ்ச' எண்டு. செத்துப்போனா எண்டு தெரியும், எனக்கு விசரில்லை. ஆனா கேக்குது. சத்தம் கொஞ்சம் இருந்தால் எது அவவின்ர குரல், எது வெளிச் சத்தம் எண்டு தெரியாது, சமாளிச்சுப் போடுவன். அந்தத் தடிச்ச சுவர் அறைக்குள்ள என்னை விட்டால் நான் விடியும் மட்டும் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருப்பன்."

"அப்ப இந்தப் பக்கம் படுத்தால் கேக்காதுதானே?"

"கேக்காது. அதுதான் படுக்கேலாமல் கிடக்கு." கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். "அதோட, இந்தப் பக்கம் படுத்து நித்திரையானால் நான் எழும்ப மாட்டன் பெற்றி. முந்திப் படகில கண்டிருக்கிறன். போன் அதிர்ந்தெல்லாம் காணாது. பிளேன் போயிடும். பிள்ளை பீடத்தில நிண்டு என்னைத் தேடுவான்."

என் சிரிப்பும் கோபமும் அன்றோடு போயின. ஒரு பக்கம் படுத்தால் நித்திரை இல்லை, பிறஷர் ஏறும், பிளேனில் ஏற்றமாட்டார்கள். மற்றப் பக்கம் படுத்தால் பிளேனே போய்விடும். எத்தனை நட்சத்திர ஹோட்டலாக இருந்தாலும் இந்த மனுஷனுக்கு அங்கே படுக்கையில்லை. எனக்கும் அன்றிலிருந்து நித்திரை போய்விட்டது.

இதற்கு வழி கொண்டச்சியிலிருந்து வந்தது. அண்ணையோடு ஒரே படகில் சங்கு குளிக்கப் போன நெய்னாவின் மகன் பவ்ஸான் டோகா எயார்போட்டில்தான் வேலை செய்கிறான் என்று ஞாபகம் வந்து, நெய்னாவிடம் இலக்கம் வாங்கிப் போன் எடுத்தேன். அவன் வேலை செய்வதே எயார்போட்டுக்குள் இருக்கிற ஒரு சின்ன ஹோட்டலில். அறைகள் பெட்டி மாதிரி. வெளியே வண்டில் உருளுகிற சத்தம், ஆட்கள் கதைக்கிற சத்தம் என்று தங்கியவர்கள் கரித்துக் கொட்டியிருந்தார்கள்.

"அன்ரி, விடிய டியூட்டி எனக்குத்தான். நானே கதவைத் திறந்து போய்த் தட்டி எழுப்புறன். அங்கிள் பயப்பிடாமப் படுக்கட்டும்," என்றான் பவ்ஸான்.

ஜெனிஸ்ராவுக்குப் பிடிக்கவில்லை. "மாமி, ஆக்கள் எவ்வளவு மோசமா எழுதியிருக்கினம் பாத்தனீங்களே?" என்றாள். "எழுதினவைக்கு ரெண்டு காதும் நல்லம் பிள்ளை, நீ அந்த அறையையே போடு," என்றேன். போட்டாள்.

வியாழன் காலையில் அண்ணையைக் கொழும்புக்குப் போகிற வான் ஒன்றில் ஏற்றிவிட்டேன். இரவு டோகாவில் இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. பவ்ஸான் வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போய் அறையில் விட்டு, நான் வந்து எழுப்புவேன் என்று சொல்லிவிட்டு வந்தானாம். மனது கொஞ்சம் ஆறியது. ஆறி முடிவதற்குள் பவ்ஸானின் அடுத்த செய்தி வந்தது. சூப்பவைசர் அவனை விடியற்காலையில் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டாராம். "எப்பிடியும் வந்து எழுப்புவன் அன்ரி," என்று எழுதியிருந்தான்.

எப்படியும் என்ற சொல்லை நான் நம்புகிறவள் இல்லை. அண்ணைக்கு எடுத்துச் சொல்லலாம். சொன்னால் அவர் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். சொல்லாவிட்டால், பவ்ஸானை நம்பி வலப்பக்கமாகப் படுத்துவிட்டால்? ஜெனிஸ்ராவுக்குச் சொன்னால் அவள் ஹோட்டலையே தலைகீழாக்குவாள். ஒருவருக்கும் சொல்லாமல் செபமாலையை உருட்டிக்கொண்டு கிடந்தேன்.

வெள்ளி காலை. இங்கே வெயில் ஏறினால்தான் அங்கே விடியும். மீன்காரனிடம் வாங்கிய விளைமீனைச் செதில் எடுக்க உட்கார்ந்தேன். போனைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அண்ணை எழும்ப வேண்டிய நேரம் வந்தது. போன் பேசவில்லை. அண்ணைக்கு எடுத்தேன், அடித்து அடித்து ஓய்ந்தது. பவ்ஸானுக்கு எடுத்தேன், அவனும் எடுக்கவில்லை. கத்தி வழுக்கி விரலைக் கீறிக்கொண்டேன்.

கனடாவிலிருந்து ஜெனிஸ்ரா எடுத்தாள். "மாமி, அப்பா போன் எடுக்கிறார் இல்லை. பிளேனுக்கு ஆக்களை ஏத்தத் தொடங்கப் போறாங்கள். எழும்பிட்டாரோ?"

"எழும்பியிருப்பார். நீ பதறாதை," என்றேன். என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது.

றெக்சன் பீடத்துக்கு முன் நின்று கூட்டத்தைப் பார்ப்பது கண்ணில் வந்தது. அவனுக்கு நான் என்ன சொல்வேன்? உன் தகப்பனை ஒரு பெட்டிக்குள் படுக்க வைத்துவிட்டு, எழுப்ப ஆள் இல்லை என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்றா? அடுப்பில் சோறு பிடித்து மணத்தது. நான் எழும்பவில்லை.

அப்போது பவ்ஸான் எடுத்தான். மூச்சு வாங்கியது அவனுக்கு.

"அன்ரி, கொண்டுபோய் விட்டாச்சு, பிளேன் ஏறுற கேட்டில நிக்கிறார். வேலைத்தலத்தில இருந்து ஓடி வரப் பிந்திப்போச்சு. கதவைத் தட்டினம், போன் அடிச்சம், அசைவில்லை. ஆள் மௌத்தாப் போயிட்டார் எண்டு சூப்பவைசர் வெலவெலத்துப் போயிட்டார். திறந்து போய்ப் பாத்தா, வலப்பக்கமாச் சுருண்டு தலகாணிக்குள்ள முகத்தைக் குடுத்துக் கிடக்கிறார். அப்பிடியொரு நித்திரை! காலைப் பிடிச்சு இழுடா எண்டு வாப்பா சொன்னவர். இழுத்தன். எழும்பினார்."

"அவருக்கு என்ன மாதிரி?"

"முதல்ல என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தார். பிறகு அவசரப்படுத்திக் கூட்டிப்போனன்."

ஜெனிஸ்ராவுக்குச் சொல்லிவிட்டு, கரிந்த சோற்றை இறக்கி வைத்தேன். அடுத்த நிமிடம் அண்ணையே எடுத்தார். பின்னால் அறிவிப்புச் சத்தமும் குழந்தைகள் அழுகிற சத்தமும் கேட்டன.

"பெற்றி."

"சொல்லுங்கோ அண்ணை. நல்ல நித்திரையாமே?"

"ஓம். நல்ல நித்திரை. தலை நோகேல்லை, ஒண்டும் இல்லை." குரலைத் தாழ்த்தினார். "அவ கூப்பிட்டவவோ தெரியேல்லை பெற்றி. நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டன்."

கத்தரின் மச்சாளின் செத்த வீட்டில்கூட அழாத மனுஷன், அத்தனை ஆட்களுக்கு நடுவில் வரிசையில் நின்று அழுதார். நானும் அழுதேன்.

"அவ உங்களை நித்திரை கொள்ளட்டும் எண்டு விட்டிருப்பா அண்ணை," என்றேன் கடைசியில்.

"ஓமோ?"

"ஓம்."

"அப்ப சரி," என்றார் அண்ணை. "வரிசை நகருது. நான் போறன்."