டிவிக்கு வைத்த பொட்டு

அப்பாவுக்கு வாதத்தில் வலது பக்கம் விழுந்துபோன பிறகுதான் எங்கள் வீட்டுக்கு ரிமோட் வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறி, மலாக்கா பக்கம் பெம்பானில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் இருந்தோம். வாழ்நாளெல்லாம் தோட்டத்து லோரி ஓட்டிய அப்பாவுக்கு இப்போது இடது கை மட்டும்தான் சொன்னபடி கேட்டது. பேச்சு குழறும், பொறுமையாகக் கேட்டால் புரியும். ஆனால் அவருக்கு வாயைத் திறக்கவே பிடிக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் கேட்க வேண்டும், புரண்டு படுக்கவும் கேட்க வேண்டும், ஜன்னலைச் சாத்தவும் கேட்க வேண்டும். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனிதர், ஒவ்வொரு முறை கேட்டுவிட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

எங்கள் பழைய டிவி எழுந்து போய்க் குமிழைத் திருகுகிற ரகம். மலாக்கா டவுனில் ஆபீஸ் வேலையில் இருந்த நான் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரிமோட் உள்ள புது டிவி ஒன்று வாங்கி வந்தேன். அந்த ரிமோட்டைச் செய்தவன் எறும்புக்காகச் செய்திருப்பான் போலிருக்கிறது. அத்தனை பொடிப் பொத்தான்கள், அதைவிடப் பொடியாக இங்கிலீஷ் எழுத்துகள். போட்டு அணைக்கும் பொத்தானில் என் சிவப்பு நகப்பூச்சைத் தடவினேன். கையிலிருந்து வழுக்காமல் இருக்க ரப்பர் பேண்டு சுற்றினேன். அப்பா கட்டை விரலால் சிவப்பை அழுத்தினார். டிவி எரிந்தது. மறுபடி அழுத்தினார், அணைந்தது. படம் பார்த்ததைவிட அவர் போட்டதும் அணைத்ததும்தான் அதிகம். யாரையும் கேட்காமல் அவரால் செய்ய முடிந்த ஒரே காரியம் அது. நான் போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

சில வாரங்களில் ஆயுத பூஜை வந்தது. அப்பா வேலையில் இருந்தபோது அன்றைக்கு லோரியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு மாப்பிள்ளை மாதிரி நிறுத்துவார். இந்த வருஷம் லோரி இல்லை. அம்மா தையல் மிஷினுக்கு வைத்தாள், சைக்கிளுக்கு வைத்தாள், ரைஸ் குக்கருக்கு வைத்தாள். கடைசியில் டிவி முன்னால் வந்து நின்றாள்.

“இப்ப இதுதான்டி அவரு ஓட்டற லோரி,” என்றாள்.

திரைக்குக் கீழே நட்டநடுவில் வட்டமாக, கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒரு இடம் இருந்தது. “பாரேன், கம்பெனிக்காரனே பொட்டு வைக்க எடம் விட்டிருக்கான்!” என்று பூரித்துப்போய், தாராளமாகச் சந்தனம் அப்பி, மேலே குங்குமமும் வைத்தாள். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பழையதைத் துடைத்துப் புதுப்பொட்டு. எங்கள் வீட்டில் பொட்டு இல்லாத சாமான்தான் கண்ணை உறுத்துமே தவிர, பொட்டு வைத்ததை யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்?

அந்த ஆயுத பூஜையிலிருந்து ரிமோட் செத்துவிட்டது. பேட்டரி மாற்றினோம். பேட்டரியை வெயிலில் காயவைத்தோம். ரிமோட்டைத் தொடையில் தட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. டிவியிலிருந்த பொத்தானை அழுத்தினால் மட்டும் எரிந்தது. அதனால் புதுத் தொல்லை ஒன்று சேர்ந்தது. அப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், “அவருக்குப் பொழுது போவட்டும்லா,” என்று டிவியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அணைக்க ஆள் வேண்டும். அப்பா கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். ஆனால் இடது கை மட்டும் சிவப்புப் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும்.

பக்கத்து வீட்டு மாமா எப்போதோ தோட்டத்து ஆபீசில் ஒரு விசிறி மாட்டியவர். அன்றிலிருந்து மின்சாரம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பு என்று நினைப்பு. வந்து மேலும் கீழும் பார்த்தார்.

“ரிமோட்லேர்ந்து வர்றது காத்துலதானே வருது? ஃபேன் சுத்துனா அடிச்சிக்கிட்டுப் போயிடும்லா.”

விசிறியை நிறுத்தினோம். பெம்பான் மதிய வெயிலில் வீடே புழுங்கியது. அப்பாவுக்கு வியர்வை ஊற்ற, அம்மா பேப்பரை எடுத்து விசிறினாள். “அக்கா, அதுவும் காத்துதான்!” என்று மாமா அதையும் பிடுங்கி வைத்தார். அப்பா அவரைப் பார்த்த பார்வைக்கு வேறு யாராக இருந்தாலும் எழுந்து ஓடியிருப்பார்கள். மாமா தேத்தண்ணி கேட்டார்.

ரிமோட்டை மலாக்காவில் வாங்கிய கடைக்கே எடுத்துப்போனேன். சீனக் கடைக்காரர் அங்கிருந்த டிவியில் அழுத்திப் பார்த்தார். பட்டென்று எரிந்தது. டிவியைக் கொண்டு வா என்றார். சொந்தக்காரர் ஒருவரின் வேனில் ஏற்றினோம். டவுன் ஆள் பார்க்கிற சாமான் அழுக்காகப் போகக் கூடாதென்று அம்மா ஈரத்துணியால் பளபளவென்று துடைத்து அனுப்பினாள். கடையில் அது குழந்தை மாதிரி சொன்னபடி கேட்டது. “தாடா ரோசாக்லா,” கெட்டுப்போகவே இல்லை என்று கடைக்காரர் மலாயில் சொல்லி, என்னை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பியதும், வெளியே போய்வந்த டிவிக்குக் கண் பட்டிருக்கும் என்று அம்மா சுற்றிப்போட்டு, புதுப்பொட்டு வைத்து உள்ளே அழைத்தாள். அப்பா அழுத்தினார். மறுபடி சவம்.

“வீட்லதான் கோளாறு,” என்று மாமா தீர்ப்புச் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரம், நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அம்மா பழைய பொட்டைத் துடைத்தாள். அந்த நொடியில் டிவி தானாக எரிந்தது. “தாயே!” என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் அப்பாவைப் பார்த்தேன். வழக்கம்போலச் சிவப்பை அழுத்திக்கொண்டிருந்த கை அப்படியே நின்றிருந்தது. தெய்வ சந்நிதி ஆகிவிட்ட டிவிக்கு அம்மா அவசர அவசரமாகப் பெரிய பொட்டாக வைத்தாள். அப்பா அழுத்தினார், அணையவில்லை. நான் ஓடிப்போய் விரலால் பொட்டை வழித்தேன். அப்பா அழுத்தினார், அணைந்தது.

“அடிப் பாவி! வெள்ளிக்கிழமை அதுவுமா, மனுஷன் படுத்திருக்கறப்ப குங்குமத்தை அழிக்கிறியே!” அம்மாவின் குரல் நடுங்கியது. அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா மேல் வந்த கோபமும் போய்விட்டது.

“அம்மா, நெத்தி மேலதானே இருக்கும். நீங்க ரிமோட்டைப் பாக்கற கண்ணுல அப்பி வெச்சிருக்கீங்க.”

அம்மா குங்குமச் சிமிழை மறுபடி எடுத்தாள். பிறகு டிவியின் மேல்விளிம்பில், நடுவில், அளந்து பொட்டு வைத்தாள். இன்றும் ரிமோட் வேலை செய்யவில்லை என்று யாராவது என்னிடம் வந்தால், பேட்டரியைத் தொடாதே, முதலில் டிவியின் முகத்தைத் துடை என்பேன். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்க வந்தவர்களால் வீடு நிறைந்திருந்தது. தமிழ்ப் படம் ஓடியது. அப்பாவைப் பார்க்க வந்த யாரும் அப்பாவைப் பார்க்கவில்லை. மாமா முதல் வரிசையில். திரையில் அம்மாவும் பிள்ளையும் ஒன்றுசேரப் போகிற கட்டம். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். டிவி அணைந்தது.

“ஐயோ, கரண்டு போச்சா?” ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. “மறுபடி கெட்டுப்போச்சுலா!” என்று மாமா எழுந்தார். அம்மா பதறிப்போய்ப் பொட்டைப் பார்த்தாள். அது மேலே அதன் இடத்தில் சரியாக இருந்தது.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. எல்லாரும் திரும்பினோம். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கவில்லை. ரப்பர் பேண்டு சுற்றிய ரிமோட்டை இடது கையில் தூக்கிப் பிடித்து, கோணிய வாயால் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

“நாந்தான்.”