பலகையில் ஏறிய சாப்பாட்டுக் கடைகள்

சாப்பாட்டைக் குறை சொல்வதும் ஒரு தொழில்தான். சம்பளம் கிடையாது, வயிற்றுவலி மட்டும் உண்டு. ரோட்டுக் கடையில் சாப்பிட்டுவிட்டு சோடா தேடி ஓடிய அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதினேன். படிப்பு எட்டாவது வரை. நேருக்கு நேர் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். லோடுக்குக் காத்திருக்கும் டிரைவர்களோ, "எங்கீங்க சாப்புடலாம்?" என்று என்னைத்தான் கேட்பார்கள். லோடு விவரம் எழுதும் வாசல் கரும்பலகையின் கீழ்ப்பாதியை முதலாளி எனக்கு ஒதுக்கிவிட்டார். மதியம் எந்தக் கடையில் சாப்பிட்டேனோ, அதைப்பற்றி சாக்பீசால் இரண்டு வரி எழுதுவேன்.

எல்லாம் நன்று

முதல் வாரம் ஆறு கடைகள். ஆறுக்கும் 'நன்று' என்று எழுதினேன். ஒருவர் பிழைப்பைக் கெடுப்பானேன் என்ற கூச்சம்தான். பலகையில் என் கையெழுத்து! தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் பரமத்தி வேலூர் டிரைவர் பழனியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். பலகையை மேலிருந்து கீழே படித்தார். "இது விளம்பர நோட்டீசாட்ட இருக்குதுங்க. எங்க போகக் கூடாதுன்னு எழுதுங்க கணக்குப்பிள்ளை, எங்க வவுறு பொழைக்கட்டும்."

நேற்றைய ரசம்

எழுதினேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பெரிய ஓட்டல். 'சோறு குழைவு. ரசம் நேற்றையது. அப்பளம் நன்று.' எழுதி முடித்ததும் ஆபீசுக்குள் ஓடிவிட்டேன். ஆனால் அன்று பலகை முன்னால் கூடிய கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்! லோடு விவரத்தைக்கூட யாரும் படிக்கவில்லை.

மறுநாள் ஓட்டல்காரரே வந்துவிட்டார். பீரோவை விட அகலமான ஆள். கையில் தூக்குப்போசி நிறைய ரசம். "குடிச்சுப் பாருங்க" என்று மேசையில் வைத்தார். டிரைவர்கள் சுற்றி நிற்க, குடித்தேன். அருமையான ரசம். "இது இன்னைக்கு வெச்சதுங்க" என்று எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். அவர் என் காதருகே குனிந்தார். "அது கெடக்கட்டும், அது நேத்து ரசம்னு எப்படீங்க கண்டுபுடிச்சீங்க? எங்க சரக்கு மாஸ்டரும் நானும் வெளிய சொல்லவே இல்லியே."

மடிக்காத இலை

அதிலிருந்து கடைக்காரர்கள் என்னைக் கண்காணிக்க ஆரம்பித்தார்கள். நான்தான் பேச மாட்டேனே. அதனால் இலையைப் பார்ப்பார்கள். நம் பக்கம் மடித்தால் திருப்தி, எதிர்ப்பக்கம் மடித்தால் குறை. பலகையில் ஏறுவதற்கு முன்பே இலைச்செய்தி ஊரைச் சுற்றிவிடும்.

திருச்செங்கோடு ரோட்டுத் திருப்பத்தில் ராமாயி அக்கா மெஸ் வைத்திருந்தார். லாரி ஓட்டிய வீட்டுக்காரர் கால் முறிந்து படுத்த பிறகு, குடும்பத்துக்கு அந்த அடுப்புதான் கதி. ஒரு மதியம் நான் சாம்பார் சோற்றில் பாதியில் இருந்தபோது ஆபீசிலிருந்து ஆள் ஓடி வந்தார். பம்பாயிலிருந்து டிரங்க் கால், அவர்கள் கேட்ட லாரி நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும். கையைக் கழுவினேனோ இல்லையோ, ஓடினேன். சோற்றோடு இலை விரித்தபடி கிடந்தது. அதை மூன்று டிரைவர்கள் பார்த்துவிட்டார்கள். மறுநாள் மெஸ் வாசலில் ஒரு லாரிகூட இல்லை. போன் விஷயத்தைப் பழனியப்பனிடம் சொல்லப் போனேன். அவர் கையமர்த்தினார். "நீங்களே பாதியில எந்திரிச்சுட்டீங்க, நாங்க எதை நம்பி உக்காருறதுங்க?"

மோர்

'ராமாயி மெஸ்: எல்லாம் மிக நன்று' என்று பெரிய எழுத்தில் எழுதினேன். படித்தவர்கள் சிரித்தார்கள். "அக்கா கணக்குப்பிள்ளையை மடக்கிட்டாங்கப்பா" என்றார் ஒருவர். மூன்றாம் நாள் அக்கா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. "நாளைக்கும் இப்படியே போனா அடுப்பை அணைச்சுட்டு ஆட்டையாம்பட்டிக்குத் தறி ஓட்டப் போயிருவேனுங்க" என்றார்.

மறுநாள் போய் உட்கார்ந்து முழுச் சாப்பாடும் சாப்பிட்டேன். இலையை என் பக்கம் அழகாக மடித்தேன். அதைப் பார்க்கத்தான் கடையில் ஆள் இல்லை. திரும்பி வந்து, சாப்பிட்டதைச் சாப்பிட்டபடியே எழுதினேன். 'சாம்பார் நன்று. கத்தரிக்காய்ப் பொரியல் மிக நன்று. ரசம் நன்று. மோர் வெறும் தண்ணீர்.'

பழனியப்பன் இரண்டு தடவை படித்தார். "மோரைக் கொறை சொல்லியிருக்காரு. அப்ப சாம்பாரு நெசமாலுமே நல்லாத்தான் இருக்கும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பின்னாலேயே நாலு பேர், எட்டுப் பேர். ஒன்றரை மணிக்கு மெஸ் பெஞ்சுகளில் இடமில்லை, ரோட்டோரம் வளைவு வரைக்கும் லாரிகள்! எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

சாயங்காலம் அக்கா வருவதைப் பார்த்ததும் கணக்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நாளைக்கே கெட்டி மோரு ஊத்துனா நீங்க பொய் எழுதுனீங்கன்னு ஆயிருமுங்க சாமி. இன்னம் ரெண்டு நாளைக்கு அது தண்ணியாவே இருந்துட்டுப் போகட்டும், என்னங்க?"

அந்த இரண்டு நாளும் அங்கேயே சாப்பிட்டுத் தண்ணீர் மோரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தவன் சொல்கிறேன்: உள்ளதை எழுதுகிறவன் அதை முதலில் விழுங்கவும் தயாராக இருக்க வேண்டும்.