இல்லாத சென்சர்

விசிறியை நிறுத்திவிட்டு, அது சுற்றிச் சுற்றி ஓயும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள் அன்பரசி. மடிக்கணினியில், 'செக்' என்று அவள் சொல்லும் சோதனை ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் ஊர் புக்கிட் ரோத்தானின் மத்தியான வெயிலில் கழுத்தெல்லாம் வியர்த்தாலும் விசிறி சுற்றக் கூடாது. "காத்து அடிச்சா செக் பாஸாகாது லா அக்கா," என்பாள். படித்த பெண் பேசுகிற பேச்சா என்று கேலி செய்தால், "நீங்க லாட்டரி நம்பர் எடுக்கப் போறப்ப வலது கால முன்ன வைக்கிறீங்களே, அது என்னவாம்?" என்று என் வாயை அடைத்துவிடுவாள்.

பக்கத்து வீட்டில் தையல் இயந்திரத்தோடு காலம் தள்ளும் எனக்கு, அவள் பார்க்கும் வேலை வெகுநாள் பிடிபடவே இல்லை. கெர்னல் என்று அவள் சொல்வது, கணினியை எழுப்பி நடத்தும் அடிப்படை நிரல். அது கண் விழிக்கும்போது, சின்னக் கணினிப் பலகைகளில் ஒட்டியிருக்கும் பல பாகங்களுக்கு 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லத் தெரியாது. எது எங்கே இருக்கிறதென்று யாராவது விவரக்குறிப்பு எழுதி வைக்க வேண்டும். அந்தக் குறிப்பில் எது கட்டாயம், எது இருந்தால் இருக்கட்டும் என்று சொல்ல ஒரு விதி வேண்டும். விதியை எழுதுவதும், குறிப்புகள் அதற்குப் பொருந்துகின்றனவா என்று சோதிப்பதும்தான் அவள் பிழைப்பு. "வாயில்லாப் பிள்ளைங்க அக்கா. நாமதான் பேசணும்."

பேசிக்கொண்டே இருப்பாள், பார்வை எங்கோ போய்விடும். என் சமையலறையில் நின்று டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது இருக்கு... இது இருக்கு..." என்று முணுமுணுப்பாள். தேநீர் கலக்கும்போது, "சீனி கட்டாயமா, இருந்தா போடவா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள்.

ராவாங்கில் அவள் வேலை செய்யும் கம்பெனி, கடல்நீர் ஏறுவதைக் கண்காணிக்கும் பலகை ஒன்றைச் செய்கிறது. அதற்கான விதியை முதன்முறையாகத் தன் சொந்தப் பெயரில் எழுதி, உலகெங்கும் பயன்படும் அந்தக் கெர்னலைப் பார்த்துக்கொள்ளும் குழுவுக்கு அனுப்பியிருந்தாள். சரியாக இருக்கிறது, சேர்த்துவிடலாம் என்று பதில் வந்தது. விதியின் தலையில் அதன் பொறுப்பாளராக அவள் பெயர் நிற்கும். "எஸ்டேட்ல அப்பா வச்ச பேரு அக்கா. உலகம் பூரா போவப்போவுது." அந்தச் சந்தோஷத்தில், பலகை வேலை செய்வதைக் காட்ட என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு சுங்கை செம்பிலாங் போனாள்.

அலை தெரியாமல் தண்ணீர் ஏறும் கரை அது. சேற்றில் நிற்கும் கொக்குகள் எப்போது நீரில் நிற்க ஆரம்பித்தன என்று சொல்ல முடியாது. மதகைப் பார்த்துக்கொள்ளும் வீரன் அண்ணன், பலகை வைத்திருந்த பெட்டியைத் திறந்து காட்டினார். பலகையில் இரண்டு துளைகள். ஒன்றில், நீர்மட்டத்தை உணரும் சென்சரின் ஒயர் செருகியிருந்தது. இன்னொன்றை ரப்பர் மூடி அடைத்திருந்தது.

"இது பழைய செட்டு மா. மொதல்லேர்ந்தே ஒண்ணுதான். தண்ணி ஏறுனா போன்ல சத்தம் வரும், சாமானெல்லாம் மேல ஏத்திருவோம்," என்றார்.

அன்பரசியின் முகம் வெளுத்துவிட்டது. அவள் மேசையில் இருந்த புதிய பலகையில் இரண்டு சென்சர்கள். அதைப் பார்த்தே இரண்டும் கட்டாயம் என்று எழுதிவிட்டாள். சோதிக்கக் கொடுத்த மாதிரிக் குறிப்பும் அதைப் பார்த்து அவளே எழுதியதுதான். பாஸாகாமல் என்ன செய்யும்?

"இந்தப் பெட்டியோட குறிப்பு தப்புன்னு செக் சொல்லும் அக்கா. யாராச்சும் நல்ல மனசோட, இல்லாத சென்சரையும் இருக்குன்னு எழுதிருவாங்க. அப்புறம் கெர்னல் அதைத் தேடும். கெடைக்கலன்னா இருக்கிறதையும் விட்டுரும். இவங்களுக்குச் சத்தமே வராது."

"சேரட்டும் விடு, பொறவு திருத்திக்கலாம்," என்றேன்.

"உள்ள போயிட்டா அதைப் பாத்து மத்தவங்க எழுத ஆரம்பிச்சிருவாங்க."

இப்போது சொன்னால் இந்த முறை அவள் பெயர் ஏறாது. ஊர் உலகம் படிக்கும் இடத்தில் தன் பிழையைத் தானே போட வேண்டும். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் கரை மேட்டில் உட்கார்ந்து, மடிக்கணினியை முழங்காலில் வைத்து எழுதினாள். அனுப்புவதற்கு முன் எனக்குத் தமிழில் சொன்னாள்: "நான் எழுதுனது தப்பு, சேக்காதீங்கன்னு போட்டுருக்கேன் அக்கா." அனுப்பினாள். பிறகு விதியில் இரண்டாவது சென்சரை, இருந்தால் இருக்கட்டும் என்று மாற்றி, இந்தப் பெட்டிக்கும் ஒரு குறிப்பு எழுதி, சோதனையை ஓடவிட்டு எழுந்தாள்.

கடற்காற்று அள்ளிக்கொண்டு போனது. "காத்து அடிக்குதே, பாஸாகுமா?" என்று சிரிக்க வைக்கப் பார்த்தேன்.

அவள் காதில் விழவில்லை. திறந்திருந்த பெட்டிக்குள் குனிந்து, அந்தக் காலித் துளையின் மூடிமேல் படிந்திருந்த உப்பைத் துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.