எழிலரசி மேடத்தின் மூக்கு

"பதினோரு வருஷமா இந்த மன்றத்தை நடத்துறேன். தேடி வந்த ஒரு பொண்ணைக்கூட வேணாம்னு சொன்னதில்ல. சொன்னேன்னு யாராவது நிரூபிச்சா, இந்த மைக்கை இங்கயே வெச்சிட்டு வீட்டுக்குப் போயிடறேன்."

ஆம்பூரை ஒட்டிய ஒரு மகளிர் கல்லூரியின் அரங்கில் வணிகவியல் உதவிப் பேராசிரியர் எழிலரசி இப்படி முழங்கியபோது மூன்று பேர் கைதட்டினார்கள். மூவரும் மேடையில் இருந்தவர்கள். கீழே இருந்த மாணவிகள் சமோசா வரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைக் அவரிடமே தங்கியது.

எழிலரசிக்கு வயது நாற்பத்தைந்து. அப்பாவுக்குத் தோல் கம்பெனியில், பச்சைத்தோல் ஊறி நாறும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. கேட்டால் "அப்பா கம்பெனியில இருந்தாரு" என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை. தொட்டியும் கம்பெனிக்குள்தான் இருந்தது.

கொரோனா இரண்டாம் அலையில் அவருக்குக் காய்ச்சல் வந்து போனது. போகும்போது மூக்கின் வேலையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதல் மாதம் அழுதார். இரண்டாம் மாதம் வேலூருக்குப் போய் டாக்டரைப் பார்த்தார். மூன்றாம் மாதத்திலிருந்து மல்லிகைப் பூவும் பினாயிலும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. ஒரு நாள் ஊசிப்போன சாம்பாரை டப்பா காலியாகும்வரை சாப்பிட்டுவிட்டு, அதை வகுப்பில் வேடிக்கையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சிரிக்க வேண்டிய இடம் அது என்பதால். மூக்கோடு சேர்ந்து வேறு ஏதோ ஒன்றும் போயிருந்தது. அது என்னவென்று அவர் தேடவில்லை.

மகளிர் தொழில்முனைவோர் மன்றம் அவருடைய பொறுப்பு. தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, மன்றத்தில் எல்லாத் தரப்பு மாணவிகளும் இருக்க வேண்டும் என்று முதல்வர் உத்தரவிட்டார். எழிலரசி உடனே ஒரு குழுப்படம் எடுத்தார். முன்வரிசையில் புர்கா போட்ட ஒருத்தி, ஏலகிரி மலையிலிருந்து ஒருத்தி, சக்கர நாற்காலியில் ஒருத்தி. இந்த மூன்றாமவள் மன்றத்திலேயே கிடையாது. நூலகத்திலிருந்து இரவல் வாங்கப்பட்டு, படம் எடுத்ததும் பத்திரமாகத் திருப்பித் தரப்பட்டாள்.

கல்லூரியில் இரண்டு ஷிப்ட். மன்றம் கூடுவது மத்தியானம் இரண்டு மணிக்கு. அப்போது முதல் ஷிப்ட் முடிந்திருக்கும், இரண்டாம் ஷிப்ட் வகுப்பில் இருக்கும். காலையில் ஏதாவது வேலை பார்த்துவிட்டு வரும் பெண்களெல்லாம் இரண்டாம் ஷிப்ட். ஆகவே தொழில் செய்கிற பெண்களைத் தவிர மற்ற எல்லோரும் தொழில்முனைவோர் மன்றத்தில் இருந்தார்கள். யாரையும் வேண்டாம் என்று சொல்லும் அவசியமே எழவில்லை.

எழுதப்படாத விதி ஒன்றும் உண்டு. ஆண்டு விற்பனை நாளில் கப் கேக் வைக்கலாம், மெஹந்தி போடலாம், ஆரி வேலை ரவிக்கை விற்கலாம். தோல் பொருள் கூடாது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு மாணவி செருப்பு வைத்திருந்தாள். தலைமை விருந்தினராக வந்த தோல் கம்பெனி முதலாளியம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். அன்றோடு முடிந்தது. ஊரே தோலை நம்பித்தான் சோறு தின்கிறது. ஊருக்குள் தோலுக்கு இடமில்லாத ஒரே இடமாக அந்த அரங்கம் விளங்கியது.

விற்பனைக்கு முந்தைய நாள் இரண்டாம் ஷிப்ட் மாணவிகள் இருவர் எழிலரசியின் அறைக்கு வந்தார்கள். பேரணாம்பட்டு வஜீதா, அவளுக்காகப் பேச அவளுடைய தோழி பில்கிஸ்.

"மேம், இவளுக்கு நாளைக்கு ஒரு மேசை வேணும்."

"அவளுக்கு வாய் இல்லையா?"

"வாயி கம்மி மேம், கைவேலை ஜாஸ்தி. பாருங்க." பில்கிஸ் ஒரு சிறிய பர்ஸை மேசைமேல் வைத்தாள். "ஷூ கம்பெனி கட்டிங்ல மிஞ்சுற துண்டு. இவளும் இவ அம்மியும் தெச்சது. அறுபது இருக்கு. பெங்களூர்லேந்து சரக்கு வாங்குற பையர் ஒருத்தர் வர்றாராமே, அவர் கண்ல பட்டா ஆர்டர் கெடைக்கும் மேம். அம்மி பீடி சுத்துறதை விட்டுடலாம்."

எழிலரசி பர்ஸை எடுத்துப் பார்த்தார். தையல் கோடு பிசகவில்லை. ஜிப் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு அதை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார்.

"வாடை அடிக்குதும்மா. ஹால்ல வெக்க முடியாது. வேற ஏதாவது செஞ்சு கொண்டா."

பில்கிஸ் பர்ஸைப் பார்த்தாள், பிறகு மேடத்தின் மூக்கைப் பார்த்தாள்.

"மேம்," என்றாள் பில்கிஸ், "அந்த சாம்பாரு…"

வஜீதா அவளுடைய கையைக் கிள்ளினாள். "சரிங்க மேம்," என்றாள். அவள் பேசியது அவ்வளவுதான். இருவரும் போய்விட்டார்கள். பர்ஸ் மேசையிலேயே கிடந்தது.

அந்தச் சுளிப்பு எங்கிருந்து வந்தது என்று எழிலரசிக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசலில் அப்பா சைக்கிளோடு காத்திருக்கும்போது, கூடப் படித்த பெண்கள் அப்படித்தான் சுளிப்பார்கள். முப்பத்தைந்து வருடம் கழித்து அது அச்சு அசலாக வந்திருந்தது. அவருக்கு வெட்கம் வர வேண்டும். காத்திருந்து பார்த்தார். வரவில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

மறுநாள் விற்பனை சிறப்பாக நடந்தது. முதலாளியம்மா தோல் கைப்பையோடு வந்து, "இந்த வருஷமும் நீட்டா இருக்கு" என்று பாராட்டினார். பெங்களூர்க்காரர் பதினொரு மேசைகளையும் சுற்றிவிட்டு, "என்னங்க, ஆம்பூர் வரைக்கும் வந்து கேக்கா?" என்று கேட்டு, ஒரு கப் கேக்கைக் கடித்தபடியே காரில் ஏறினார். காலியாக இருந்த பன்னிரண்டாம் மேசையில் தண்ணீர் கேன் வைத்திருந்தார்கள். எழிலரசி அதில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார்.

அதற்குப் பிறகும் வராந்தாவில் எதிர்ப்பட்டால் வஜீதா "குட் ஆஃப்டர்நூன் மேம்" என்பாள். முன்பு சொன்னது போலவே. முறைத்திருந்தால் தேவலை என்று எழிலரசிக்கு இருந்தது.

மாதக் கடைசியில் தர மதிப்பீட்டு அறிக்கை. அலுவலக எழுத்தர் பஞ்சாட்சரம் கணினியில் அடிக்க, எழிலரசி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். மடியில் அந்தப் பர்ஸ் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனார், ஒன்றும் இல்லை. தினமும் பார்க்கிறார், தினமும் ஒன்றும் இல்லை.

"பதினாலாவது கேள்வி மேடம். 'மன்றத்தில் வாய்ப்பு மறுக்கப்பட்டோர்.' வழக்கம்போல 'இல்லை'ன்னு போட்டுட்டேன்."

"அதை அடிச்சிட்டு, 'ஒருவர்'னு போடுங்க சார்."

பஞ்சாட்சரம் கண்ணாடியைக் கழற்றினார். "பதினோரு வருஷமா 'இல்லை' மேடம். மைக்ல வேற சொன்னீங்க. பிரின்ஸிபால் பேஜார் பண்ணுவாரு."

"பண்ணட்டும். வஜீதா, பி.காம் ரெண்டாம் வருஷம், ரெண்டாம் ஷிப்ட். மறுத்தது யாருன்னு கேட்டிருந்தா, என் பேரு."

பஞ்சாட்சரம் அடித்தார். "காரணம்?"

"வாடை."

"யாருக்கு வந்துச்சு மேடம்?"

"யாருக்கும் வரல. அதையும் போடுங்க."