சிரிக்கும் வாயைக் காவல் காத்தேன்

என் கணவரின் வாய் ஒரு பக்கம் இறங்கியபோது நாங்கள் கைதட்டினோம். எழுதவே வெட்கமாக இருக்கிறது. இதே நோய் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

லிங்கநகரில் எங்கள் வீட்டில் ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு பழைய நகைச்சுவைப் படம் ஓட வேண்டும். துறைமுகத்தில் இழுவைப் படகோட்டும் என் கணவர், நடிகர் வாய் திறக்குமுன் வசனத்தைச் சொல்லிவிடுவார். குடிகாரன் காட்சி வந்தால் நாக்குக் குழற, கால் தள்ளாட அவரே நடித்துக் காட்டுவார். எத்தனை முறை பார்த்தாலும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

அன்றும் அந்தக் காட்சியில் குழறினார். வாயை ஒரு பக்கம் கோணி, இடது கையைத் தொங்கவிட்டார். நாங்கள் கைதட்டினோம்.

"அம்மா, அப்பா இண்டைக்கு அசல் குடிகாரன் மாதிரியே செய்யிறார்," என்று மகள் கைபேசியில் வீடியோ எடுத்தாள். அவர் கதிரையிலிருந்து சரிந்தபோதும் சிரித்தோம். காட்சி முடிந்து பாட்டு வந்த பிறகும் அவர் எழும்பவில்லை. அப்போதுதான் எனக்குப் பதறியது.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தார்கள். பாரிசவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார் வைத்தியர்.

"எத்தின மணிக்குத் தொடங்கினது? சரியாச் சொல்லுங்கோ."

இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சில மணி நேரத்துக்குள்தான் ஏற்றலாமாம். எனக்கு நேரம் தெரியவில்லை. மகள் அழுதபடி வீடியோவைக் காட்டினாள். எங்கள் சிரிப்புச் சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. வைத்தியர் அதிலிருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு மருந்தை ஏற்றச் சொன்னார். ஆகவே தொடங்கிய நேரத்தைக் கவனியுங்கள். இப்படிச் சரிந்தவருக்குத் தண்ணீர் பருக்காதீர்கள், புரையேறிவிடும்.

சில மாதங்களில் கை எழும்பியது, பேச்சும் ஏறக்குறையத் திரும்பியது. சிரிப்பு மட்டும் வரவில்லை. அதே படங்களைப் போட்டேன். திக்கிப் பேசுபவரையும் காலை இழுத்து நடப்பவரையும் பார்த்தா இத்தனை வருடம் உருண்டு புரண்டு சிரித்தோம்? எனக்குத் துளியும் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவர் சிரிக்க வேண்டும். சிரித்தால்தானே வாய் இரண்டு பக்கமும் ஒன்றாக உயர்கிறதா என்று பார்க்கலாம்! அவரோ உம்மென்று இருந்தார். நோய் சிரிப்பையும் கொண்டுபோய்விட்டதோ என்று கிளினிக்கில் கேட்டேன்.

"சிலருக்கு மனச்சோர்வு வரும். எதுக்கும் அவரிட்டையே கேட்டுப் பாருங்கோ," என்றார் வைத்தியர்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "உங்களுக்கு இந்தப் படங்கள் இப்ப பிடிக்கிறேல்லையோ?"

"பிடிக்கும்," என்றார். "நான் கொஞ்சம் சிரிச்சாலும் என்ர வாயையே பார்த்து உம்மட முகம் வெளிறிப்போகுது. அதால அடக்கிக்கொண்டு இருக்கிறனான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்குக் காவல் இருப்பதாக நினைத்து அவர் சிரிப்பை நான்தான் பூட்டி வைத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு, அவருக்கு முன்னால் கதிரையைப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். படத்தில் யாரோ சேற்றில் விழுந்தார். பின்னால் அவர் சிரிக்கத் தொடங்கினார். வாய் நேராக இருக்கிறதா, கோணுகிறதா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. கதிரையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தேன். அரை நிமிடம்கூட இருந்திருக்காது. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த நாளைவிட அது நீண்டது. அந்தச் சிரிப்பு சீக்கிரம் முடிந்தால் போதும் என்று பயத்தில் நினைத்தேன், முடியக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன்.